இருபக்கமும் சுழலும் மரநத்தை

ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் ஒரு மரநத்தை. வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்தின் தண்டிலும் கிளையிலும் இலைகளிலும் கழிப்பது. அதன் ஓடு நீண்ட கூம்பு வடிவில், நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில், வழவழப்பாக இருக்கும். டென்மார்க்கின் இயற்கையியலாளர் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் 1774-இல் இந்த இனத்தை விவரித்து எழுதினார். அது அடங்கிய ஆம்ஃபிட்ரோமஸ் பேரினம் வடகிழக்கு இந்தியா தொடங்கி இந்தோசீனா, மலேசியா, இந்தோனேசியா வழியாக வடக்கு ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது.

அளவிலோ நிறத்திலோ இந்த நத்தையில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை. புதிர் அதன் ஓடு சுழலும் திசையில் இருக்கிறது. ஒரே மரத்திலுள்ள பத்து நத்தைகளை எடுத்து வரிசையாக வைத்தால், சில வலப்பக்கமாகவும் சில இடப்பக்கமாகவும் சுழன்றிருக்கும். இரண்டும் ஒரே இனம். ஒரே உணவைத் தின்று, ஒரே கிளையில் உறங்கி, ஒன்றோடொன்று இணைசேர்பவை.

நத்தை உலகில் இது மிக அரிது. உலகிலுள்ள நத்தை இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வலப்பக்கம் மட்டுமே சுழல்பவை. மிச்சமுள்ளவற்றிலும் பெரும்பாலானவை இடப்பக்கம் மட்டுமே சுழல்பவை. எந்தத் திசையானாலும் ஓர் இனத்துக்குள் எல்லா நத்தைகளும் ஒரே பக்கம் சுழல்வதே வழக்கம். இந்த வழக்கம் எதனால் வந்தது, அதை மீறியும் இந்த மரநத்தை எப்படி நிலைத்திருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை ஏறத்தாழ ஒரே இடத்தில் கிடைக்கிறது.

திசையை அறியும் முறை

ஓட்டின் கூர்நுனியை மேலாகவும் வாயைப் பார்ப்பவர் பக்கமாகவும் வைத்துப் பிடிப்பது உயிரியலாளர்களின் வழக்கம். அப்போது வாய் நடு அச்சுக்கு வலப்பக்கம் இருந்தால் வலச்சுழல். இடப்பக்கம் இருந்தால் இடச்சுழல். நுனியின் மேலிருந்து பார்த்தால், வலச்சுழல் ஓடு கடிகார முள் போகும் திசையில் வளர்ந்திருக்கும்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சங்கைக் கூர்நுனி கீழாக, ஊதுகுழல் போன்ற நீண்ட முனை மேலாகப் பிடித்துத் திசை சொல்வது நம் மரபு. தலைகீழாகப் பிடித்தால் வாய் இருக்கும் பக்கமும் மாறிவிடும். ஆகவே மன்னார் வளைகுடாவில் ஏராளமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்கு உயிரியல் கணக்கில் வலச்சுழல் ஓடு. லட்சத்தில் ஒன்றாகப் போற்றப்படும் வலம்புரிச் சங்கு இடச்சுழல் ஓடு. இந்தக் கட்டுரையில் வலச்சுழல், இடச்சுழல் என்ற சொற்கள் உயிரியல் பொருளிலேயே வருகின்றன.

வலச்சுழல் நத்தையும் இடச்சுழல் நத்தையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். வலக்கால் செருப்பை எப்படிப் புரட்டினாலும் அது இடக்காலுக்குப் பொருந்தாததுபோல, ஒரு வலச்சுழல் ஓட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் இடச்சுழலாக்க முடியாது. இந்த வேறுபாடு ஓட்டோடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் உடலும் அப்படியே தலைகீழாகியிருக்கும். வலச்சுழல் நத்தையில் மூச்சுத்துளையும் இனப்பெருக்கத் துளையும் உடலின் வலப்பக்கம் இருக்கும். இடச்சுழல் நத்தையில் அவை இடப்பக்கம். இதயம், குடல் முதலிய உறுப்புகளும் இடம் மாறியிருக்கும்.

ஓடு வளரும் விதம்

நத்தை தன் ஓட்டை ஒரே நாளில் கட்டுவதில்லை. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவதும் இல்லை. உடலைப் போர்த்தியுள்ள மேன்டில் என்ற மெல்லிய திசு, ஓட்டின் வாயோரத்தில் சுண்ணச் சத்தைச் சிறிது சிறிதாகச் சுரந்து படியவைக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் ஒரு வகையான அரகோனைட் படிகங்கள் புரத இழைகளோடு கலந்து அடுக்கடுக்காக அமைகின்றன. அவற்றின் மேல் புரதத்தாலான மெல்லிய புறத்தோல் ஒன்று மூடியிருக்கும். மழையிலும் இலைச்சாற்றிலும் உள்ள அமிலம் சுண்ணத்தைக் கரைத்துவிடாமல் அது காக்கிறது.

வாயோரம் முழுவதிலும் சுரப்பு ஒரே அளவில் நடந்தால் ஓடு நேரான குழலாக வளரும். வெளிவிளிம்பில் அதிகமாகவும் உள்விளிம்பில் குறைவாகவும் சுரப்பதால் குழல் வளைகிறது. வளையும்போதே அச்சு வழியாகச் சற்றுக் கீழிறங்கவும் செய்வதால், ஒரு சுற்று மற்றொரு சுற்றின்மேல் ஏறாமல் கூம்பாக உருவெடுக்கிறது. நத்தை பெரிதாகப் பெரிதாக வாயும் அகல்வதால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பருத்திருக்கும். வடிவம் மட்டும் மாறாது.

ஆம்ஃபிட்ரோமஸ் நத்தை முழு வளர்ச்சி அடைந்ததும் வாய்விளிம்பு தடித்து வெளிப்புறமாக மடிகிறது. அதன்பின் ஓட்டின் உயரம் கூடுவதில்லை. காட்டில் ஒரு நத்தையைக் கையில் எடுத்த ஆய்வாளர், மடிந்த விளிம்பைப் பார்த்தே அது இனப்பெருக்க வயதை எட்டியதா என்று சொல்லிவிடலாம்.

ஓட்டின் கூர்நுனிதான் அதன் மிகப் பழைய பகுதி. முட்டைக்குள் கருவாக இருந்தபோதே உருவானது அது. அந்த முதல் சுற்றிலேயே திசை தெளிவாகத் தெரியும். பிறகு வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. எனவே திசை முடிவாகும் தருணத்தைக் கருவின் தொடக்க நாட்களில் தேட வேண்டியிருந்தது.

எட்டு செல்களின் திருப்பம்

நத்தையின் கருமுட்டை இரண்டாக, பிறகு நான்காகப் பிரிகிறது. மூன்றாம் பிரிவில் நான்கு செல்களும் மேற்பக்கம் தலா ஒரு சிறு செல்லை உண்டாக்குகின்றன. அந்தச் சிறு செல்கள் பெரிய செல்களுக்கு நேர்மேலே உட்காருவதில்லை. நான்கும் ஒருசேரச் சற்றுத் திரும்பி, கீழேயுள்ள செல்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் அமர்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது இந்தத் திருப்பம் வலச்சுழல் நத்தையில் கடிகாரத் திசையிலும், இடச்சுழல் நத்தையில் அதற்கு எதிராகவும் நடக்கிறது. இயல்பிலேயே இடச்சுழலாக உள்ள ஃபைசா என்ற குளத்து நத்தையின் கருவில் திருப்பம் தலைகீழாக இருப்பதை அமெரிக்க விலங்கியலாளர் ஹென்றி கிராம்ப்டன் 1894-இல் பதிவு செய்தார்.

எட்டு செல் திருப்பமும் ஓட்டின் திசையும் சேர்ந்தே வருகின்றன என்பது இதனால் தெரிந்தது. ஆனால் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இரண்டையும் வேறு ஏதோ ஒன்று தனித்தனியே தீர்மானித்திருக்கலாம். இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, திருப்பத்தை மட்டும் கையால் மாற்றிவிட்டு ஓடு என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஜப்பானில் ரெய்கோ குரோடாவின் குழு 2009-இல் அதைச் செய்து காட்டியது. லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் என்ற குளத்து நத்தையின் கருக்கள் நான்கு செல்லிலிருந்து எட்டாகும் நேரத்தில், மெல்லிய கண்ணாடிக் கோல்களால் மேல்செல்களை எதிர்த்திசையில் தள்ளிப் பிடித்தனர். அப்படித் தள்ளப்பட்ட வலச்சுழல் கருக்கள் இடச்சுழல் நத்தைகளாக வளர்ந்தன. இடச்சுழல் கருக்கள் வலச்சுழலாயின. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் செயல்படும் நோடல் என்ற மரபணுவும் பக்கம் மாறியது.

அந்த நத்தைகள் நலமாக வளர்ந்து குஞ்சும் பொரித்தன. குஞ்சுகளோ மரபுவழியிலான பழைய திசையிலேயே சுழன்றன. கையால் தள்ளியது உடலை மாற்றியதே தவிர மரபணுவைத் தொடவில்லை. ஆகவே இயல்பான வாழ்வில் செல்களைத் தள்ளும் வேலையை ஒரு மரபணு செய்கிறது என்பதும் இதே சோதனையில் தெளிவானது.

தாய் தீர்மானிக்கும் திசை

அந்த மரபணு பரம்பரையில் நடந்துகொள்ளும் விதம் முதலில் பெரும் குழப்பத்தைத் தந்தது. இங்கிலாந்தில் ஆர்தர் பாய்காட்டும் சிரில் டைவரும் இடச்சுழல் குளத்து நத்தைகளை வளர்த்து 1923-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தாயின் குஞ்சுகள் அநேகமாக எல்லாமே ஒரே திசையில் சுழன்றன. ஆனால் அந்தத் திசை தாயின் ஓட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடச்சுழல் தாய்க்கு வலச்சுழல் குஞ்சுகள் மட்டுமே பிறப்பதும், வலச்சுழல் தாய்க்கு இடச்சுழல் குஞ்சுகள் மட்டுமே பிறப்பதும் உண்டு. மெண்டலின் விதிகளுக்குள் இது அடங்காததுபோல் தோன்றியது.

அதே ஆண்டில் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டவன்ட் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். குஞ்சின் திசையை அதன் சொந்த மரபணு தீர்மானிப்பதில்லை; தாயின் மரபணு தீர்மானிக்கிறது. கருவுறுவதற்கு முன்பே தாய் தன் முட்டைக்குள் தேவையான புரதங்களையும் அவற்றுக்கான குறிப்புகளையும் நிரப்பி வைக்கிறாள். முதல் சில செல் பிரிவுகள் அந்தக் கையிருப்பை வைத்தே நடக்கின்றன. குஞ்சின் மரபணு வேலையைத் தொடங்குவதற்குள் திருப்பம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரு நத்தையின் ஓடு தாயின் மரபணுவைக் காட்டுகிறது. அதன் சொந்த மரபணு என்னவென்று அதன் குஞ்சுகளின் ஓட்டில்தான் தெரியும். ஒரு தலைமுறை தள்ளிப்போட்டுப் பார்த்தால் மெண்டலின் விதி சரியாகவே பொருந்துகிறது. இதைத் தாய்வழி விளைவு என்பர்.

மரபணு எது என்பது 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. செல்லுக்குள் சாரம்போல் நின்று வடிவம் தரும் ஆக்டின் இழைகளைக் கோக்கும் ஃபார்மின் வகைப் புரதம் ஒன்றுக்கான மரபணு, இடச்சுழல் லிம்னேயாவில் பழுதாகியிருந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கஸ் டேவிசன் குழுவும் குரோடாவின் குழுவும் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. 2019-இல் மசநோரி ஆபேயும் குரோடாவும் கிரிஸ்பர் முறையால் வலச்சுழல் நத்தைகளில் அந்த மரபணுவை மட்டும் முடக்கினர். முடக்கப்பட்ட மரபணுவுடைய தாய்களின் முட்டைகளிலிருந்து இடச்சுழல் குஞ்சுகள் வந்தன. ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் முழு உடலையும் கண்ணாடிப் பிம்பமாக்கிவிடும் என்பது இவ்வாறு உறுதியானது.

சிறுபான்மையின் சிக்கல்

ஒரு மரபணு மாறினால் போதும் என்றால் இரு திசை நத்தைகளும் எங்கும் கலந்து காணப்பட வேண்டும். அப்படி இல்லாததற்குக் காரணம் இணைசேர்க்கை.

நில நத்தைகளில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள். ஒவ்வொரு நத்தையிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உண்டு. தட்டையான ஓடுள்ள இனங்களில் இரு நத்தைகளும் எதிரெதிரே நின்று, தலையின் பக்கவாட்டிலுள்ள துளைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே நேரத்தில் விந்தைப் பரிமாறிக்கொள்கின்றன. இரண்டும் வலச்சுழலானால் துளைகள் தாமாகவே எதிரெதிர் வந்துவிடும். ஒன்று வலச்சுழல், மற்றது இடச்சுழல் என்றால் துளைகள் விலகிப்போகும். எவ்வளவு முயன்றாலும் சேர்வது கடினம்.

இதன் விளைவை எளிதாகக் கணிக்கலாம். ஆயிரம் வலச்சுழல் நத்தைகள் உள்ள காட்டில் பத்து இடச்சுழல் நத்தைகள் தோன்றினால், அவை சந்திக்கும் நத்தைகளில் ஏறத்தாழ எல்லாமே பொருந்தாத துணைகள். வலச்சுழல் நத்தைக்கு அந்தச் சிரமம் இல்லை. குஞ்சு பொரிக்காமலே சிறுபான்மை தேய்ந்து மறையும். காடு முழுக்க இடச்சுழலாக இருந்திருந்தால் இதே விதி வலச்சுழலை ஒழித்திருக்கும். எந்தத் திசை சிறந்தது என்ற கேள்வியே இதில் இல்லை. எண்ணிக்கையில் எது கூடுதல் என்பதே முடிவு செய்கிறது. இதை எண்ணிக்கை சார்ந்த இயற்கைத் தேர்வு என்று குறிப்பிடலாம்.

இந்தச் சிக்கலுக்குப் பலர் அறிந்த சான்று ஜெரமி என்று பெயரிடப்பட்ட தோட்டத்து நத்தை. 2016-இல் லண்டனில் கிடைத்த இந்த இடச்சுழல் நத்தையை டேவிசன் பெற்று, அதற்குத் துணை தேடிப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். இங்கிலாந்திலிருந்து ஒன்றும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலிருந்து ஒன்றுமாக இரண்டு இடச்சுழல் நத்தைகள் வந்து சேர்ந்தன. அவை முதலில் தங்களுக்குள் இணைசேர்ந்தன. ஜெரமி 2017 அக்டோபரில் இறப்பதற்குச் சற்று முன்னரே மயோர்க்கா நத்தையோடு சேர்ந்தது. பிறந்த குஞ்சுகள் எல்லாமே வலச்சுழல். தாய்வழி விளைவால் திசை ஒரு தலைமுறை தாமதித்தும் வெளிப்படலாம் என்பதால் அடுத்தடுத்த தலைமுறைகளையும் வளர்த்துப் பார்த்தனர். தோட்டத்து நத்தையில் இடச்சுழல் பெரும்பாலும் கருவளர்ச்சியில் நேரும் விபத்து, பரம்பரையாக வருவதில்லை என்ற முடிவு 2020-இல் வெளியாயிற்று.

நீண்ட கூம்பு ஓடுள்ள இனங்களில் நிலைமை சற்று வேறு. ஒரு நத்தை மற்றொன்றின் ஓட்டின்மேல் ஏறி இணைசேர்வது அவற்றின் பழக்கம். எதிரெதிர் நிற்பதைவிட இதில் உடலை வளைத்துச் சரிசெய்துகொள்ள இடமுண்டு. டகாஹிரோ அசாமியும் உடனாய்வாளர்களும் 1998-இல் சுட்டிக்காட்டியதுபோல, ஓரினத்துக்குள் இரு திசையும் காணப்படும் அரிய நிகழ்வுகள் இத்தகைய நீள்கூம்பு நத்தைகளிலேயே வருகின்றன. ஆனாலும் தடை முற்றிலும் நீங்குவதில்லை. பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவில் வாழ்ந்த பார்ட்டுலா சுட்டுராலிஸ் என்ற மரநத்தையில் இரு திசையும் உண்டு. ஆயினும் வலச்சுழல் பகுதியும் இடச்சுழல் பகுதியும் தனித்தனியே இருந்தன. இரண்டும் கலந்த இடம் குறுகிய பட்டையாகவே இருந்தது. கலந்த இடத்தில் சிறுபான்மை தோற்றுப்போகும் என்ற விதிக்கு இது பொருந்துகிறது.

கப்பாஸ் தீவில் நடந்த சோதனை

ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ் மட்டும் இந்த விதிக்கு அடங்காததுபோல் நின்றது. மலேசியாவின் கிழக்குக் கரையில், திரெங்கானு மாநிலத்தின் மராங் ஊருக்கு எதிரே உள்ள கப்பாஸ் தீவில் இந்த நத்தைகள் ஏராளம். அவற்றில் 36 விழுக்காடு வலச்சுழல், மீதி இடச்சுழல். டச்சு உயிரியலாளர் மென்னோ ஸ்கில்தௌசனும் அவரது குழுவும் அங்கே ஆய்வைத் தொடங்கினர்.

முதலில் சோதிக்கப்பட்ட கருத்து, இரு திசைக் கலப்பு வெறும் தோற்றமாக இருக்கலாம் என்பது. மரநத்தை மெதுவாக ஊர்வது. ஒரு மரமே அதற்கு ஓர் ஊர். தாய்வழி விளைவால் ஒரு தாயின் குஞ்சுகள் எல்லாம் ஒரே திசையில் பிறப்பவை. அவை பிறந்த மரத்தைவிட்டு நகராமல் இருந்தால், ஒரு மரம் முழுக்க வலச்சுழலாகவும் அடுத்த மரம் முழுக்க இடச்சுழலாகவும் ஆகிவிடலாம். தீவு முழுவதையும் சேர்த்து எண்ணுபவருக்குக் கலப்பு தெரியும். மரத்துக்கு மரம் பார்த்தால் பழைய விதியே நடந்துகொண்டிருக்கும்.

இதைச் சோதிக்க 92 மரங்கள் கொண்ட ஒரு காட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 700 நத்தைகளுக்கு அடையாளமிட்டனர். ஏழு நாட்கள் ஒவ்வொரு நத்தையும் எந்த மரத்தில் இருக்கிறது என்று குறித்தனர். அந்த ஒரு வாரத்துக்குள் 155 முறை நத்தைகள் மரம் விட்டு மரம் மாறின. ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, மீண்டும் கிடைத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேறு மரத்தில் இருந்தன. எந்த மரத்திலும் ஒரு திசை நத்தைகள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடத் திரண்டிருக்கவில்லை. 2005-இல் வெளியான இந்த முடிவோடு, மரத்துக்கு ஒரு திசை என்ற விளக்கம் மட்டும் போதாது என்று ஆனது. கலப்பு உண்மையானது, ஒவ்வொரு கிளையிலும் இருப்பது.

மாற்றுத்திசைத் துணை

அடுத்த கேள்வி, இந்த நத்தைகள் யாரோடு இணைசேர்கின்றன என்பது. இங்கே ஒரு சிறு கணக்கு உதவுகிறது. நூற்றில் 36 வலச்சுழலும் 64 இடச்சுழலும் உள்ள கூட்டத்தில், திசையைப் பொருட்படுத்தாமல் நத்தைகள் சேர்ந்தால், நூறு இணைகளில் சுமார் 46 இணைகள் வலமும் இடமும் கலந்தவையாக இருக்கும். கலப்பு இணைசேர்க்கை கடினமானது என்றால் அந்த எண் 46-க்கு வெகுவாகக் குறைய வேண்டும். காட்டில் கண்டது இதற்கு நேர்மாறு. வலச்சுழல்–இடச்சுழல் இணைகள் தற்செயலுக்கு உரிய அளவைவிட அதிகமாகவே இருந்தன. மற்ற இனங்கள் தவிர்க்கும் துணையை இந்த நத்தை நாடிச் செல்கிறது.

2007-இல் இதை வெளியிட்ட குழு, காரணத்தை உடற்கூற்றில் தேடியது. இணைசேரும் நத்தை தன் விந்தை நேரடியாகக் கொட்டுவதில்லை. விந்துப்பொதி என்ற நீண்ட பொதிக்குள் அடைத்துத் துணையின் உடலுக்குள் செலுத்துகிறது. நுரையீரல் நத்தைகளில், அப்படிப் பெற்ற விந்தில் பெரும்பகுதியைப் பெறும் உடலே செரித்துவிடும். தப்பிச் சேமிப்பு அறையை அடையும் சிறு பங்குதான் முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆகவே பொதி உள்ளே எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பது தந்தைமைக்கு முக்கியம். ஆம்ஃபிட்ரோமஸில் விந்துப்பொதிக்கும் சுழல் உண்டு, அதைப் பெறும் பெண்குழாய்க்கும் சுழல் உண்டு. இரண்டின் திசையும் நத்தையின் திசையைப் பொறுத்தது. எதிர்த்திசைத் துணையின் குழாயிலேயே பொதி சிறப்பாகப் பொருந்துவதாகவும், அதனால் கலப்பு இணைகளுக்கு அதிகச் சந்ததி கிடைக்கக்கூடும் என்றும் அமைப்பை ஆராய்ந்தவர்கள் கருதினர்.

இந்த ஒரு மாற்றத்தால் முழுக் கணக்கும் புரண்டுவிடுகிறது. மாற்றுத்திசைத் துணையே மேலானது என்றால், எண்ணிக்கையில் குறைந்த நத்தைக்கு அத்தகைய துணை எங்கு திரும்பினாலும் கிடைக்கும். பெரும்பான்மை நத்தைக்கோ கிடைப்பது அரிது. சிறுபான்மை அதிகக் குஞ்சுகளைப் பெற்று வளரும். வளர்ந்து பெரும்பான்மையாகிவிட்டால் அந்த நன்மை மறுபக்கத்துக்குப் போய்விடும். எந்தத் திசையும் முற்றிலும் அழியாது. கணினியில் ஒரு நத்தைக் கூட்டத்தை உருவகித்து, கலப்பு இணைகளுக்குக் கூடுதல் சந்ததி என்ற விதியைத் தந்து தலைமுறை தலைமுறையாக ஓடவிட்டபோதும், இரு திசையும் நீடித்து நிற்பதே முடிவாக வந்தது.

தோட்டத்து நத்தையிலும் மரநத்தையிலும் செயல்படுவது ஒரே வகைத் தேர்வுதான். இரண்டிலும் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. முன்னதில் அரிதாயிருப்பது தண்டனை, பின்னதில் அரிதாயிருப்பது ஆதாயம். அந்த ஒரு குறி மாறியதும், ஓரிடத்தில் ஒற்றைத் திசையும் மற்றோரிடத்தில் இரு திசையும் விளைகின்றன.

பாம்பின் தாடை

திசையின்மேல் செயல்படும் சக்தி இணைசேர்க்கை மட்டுமல்ல. தென்கிழக்கு ஆசியாவில் பாரியாஸ் என்ற நத்தைதின்னிப் பாம்புகள் வாழ்கின்றன. அவை ஓட்டை உடைப்பதில்லை. கீழ்த்தாடையை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, வலத்தாடையையும் இடத்தாடையையும் மாறிமாறி இழுத்து உடலை உருவி எடுக்கின்றன. ஜப்பானின் தென்கோடியிலுள்ள இஷிகாக்கி, இரியோமோட்டே தீவுகளில் வாழும் பாரியாஸ் இவாசாகியில் கீழ்த்தாடையின் இடப்பக்கம் சராசரியாகச் சுமார் 18 பற்களும் வலப்பக்கம் சுமார் 25 பற்களும் இருப்பதை மசாகி ஹோசோவும் உடனாய்வாளர்களும் 2007-இல் விவரித்தனர். பெரும்பான்மையான வலச்சுழல் இரையை உருவுவதற்கு ஏற்ற தாடை அது. இடச்சுழல் நத்தையைத் தந்தபோது பாம்பு அடிக்கடி பிடி நழுவித் தோற்றது.

பாரியாஸ் பாம்புகள் உள்ள நிலப்பகுதிகளில் இடச்சுழல் இனங்களின் பங்கு மற்ற இடங்களைவிட அதிகம் என்று அதே குழு 2010-இல் காட்டியது. பாம்பின் பிடிக்கு அகப்படாத சிறுபான்மை, துணை கிடைக்காத இழப்பை ஈடுசெய்துகொள்ள முடிகிறது. அது ஒரு சிறு பகுதியில் பெரும்பான்மையாகிவிட்டால், அங்கே பழைய விதியே அதற்குத் துணை நிற்கும். வலச்சுழல் நத்தைகளோடு சேராமல் அது தனி இனமாகவும் பிரியலாம்.

பாம்புகளும் சும்மா இருப்பதில்லை. இடச்சுழல் இரை மிகுந்த பகுதியில் வாழும் பாரியாஸ் காரினாட்டஸ் பாம்பு, இரையின் திசையை முன்கூட்டியே அடையாளம் கண்டு இடச்சுழல் நத்தையை நெருங்காமல் தவிர்க்கிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாக்கத் துணிந்துவிட்டாலோ, பிடிக்கும் முறையைத் தலைகீழாக்கிக்கொண்டு வெற்றியும் பெறுகிறது. பாம்பு தவிர்ப்பதாலும் இடச்சுழல் நத்தைக்கு ஆதாயமே.

பேரினம் முழுவதும்

ஆம்ஃபிட்ரோமஸ் பேரினத்தைப் பார்த்தால் இரு போக்குகளும் தெரிகின்றன. மரபுவழியாக அது இரு துணைப்பேரினங்களாகப் பிரிக்கப்பட்டு வந்தது. ஆம்ஃபிட்ரோமஸ் என்ற பெயரையே தாங்கிய, பெரிய ஓடுள்ள பிரிவில் பல இனங்கள் இன்வெர்சஸைப் போல இருதிசை கொண்டவை. சின்ட்ரோமஸ் என்ற சிறிய ஓடுள்ள பிரிவில் ஏறத்தாழ எல்லாமே இடச்சுழல். நெருங்கிய உறவினர்களுக்குள்ளேயே ஒரு கிளை கலப்பாகவும் மற்றொரு கிளை ஒற்றைத் திசையாகவும் நிலைபெற்றிருக்கிறது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், நத்தை ஓட்டின் திசை மூன்று படிகளில் விளக்கம் பெறுகிறது. முதல் படியில், தாயின் முட்டையிலுள்ள புரதம் எட்டு செல் கட்டத்தில் செல்களைத் திருப்பி ஒவ்வொரு நத்தையின் திசையையும் குறிக்கிறது. இரண்டாம் படியில், இணைசேர்க்கை சிறுபான்மையைத் தண்டிக்கிறதா ஆதரிக்கிறதா என்பதைப் பொறுத்து ஓர் இனம் ஒற்றைத் திசையாகவோ இருதிசையாகவோ ஆகிறது. மூன்றாம் படியில், பாம்பு போன்ற எதிரிகள் எந்தத் திசைக்குக் கூடுதல் ஆயுள் என்பதைச் சற்றுச் சாய்க்கின்றன. ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ் இரண்டாம் படியில் மற்ற நத்தைகளிலிருந்து விலகிய இனம். கப்பாஸ் தீவின் ஒவ்வொரு மரத்திலும் இரு திசை ஓடுகளும் சேர்ந்திருப்பதற்கு அந்த விலகலே காரணம்.